நான் நிறுத்திய மழை

எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பழைய அடுக்குமாடியில் குடியிருந்தேன். படிக்க வந்து, வேலை கிடைத்து, மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் தனியாக இருந்த அம்மாவையும் அழைத்து வந்திருந்தேன். வந்த ஆறாம் மாதமே இதய நோய் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது.

பக்கத்து வீட்டுக்கு ஒரு ஜப்பானியப் பெண் குடிவந்தார். பியானோ வாசிப்பவர். படிக்கட்டில் என்னைப் பார்த்து, கச்சேரிக்காகத் தினமும் மாலையில் பயிற்சி செய்யப்போவதாகவும், தொந்தரவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். காட்டில் பெய்யும் மழையைப் பற்றி அவர் நாட்டு இசையமைப்பாளர் ஒருவர் புதிதாக எழுதிய இசையாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, போரில் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள், சயாம் ரயில் பாதை போட அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான்.

அதை இசை என்றே என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு சுரம் சொட்டும். வெகுநேரம் மௌனம். பிறகு இரண்டு சொட்டும். ராகமும் இல்லை, தாளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, அம்மா பியானோ கேட்கும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே போய் அந்தப் பெண்ணின் கதவைத் தட்டி, உங்கள் ஆட்கள்தான் என் அப்பாவைக் கொன்றார்கள், என் அம்மா காதில் இனி இந்தச் சத்தம் விழக்கூடாது என்று கத்தினேன். அவர் முகம் வெளுத்துத் தலைகுனிந்து நின்றார். போருக்குப் பிறகு பிறந்தவராகத்தான் இருப்பார். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன்பின் சத்தமே இல்லை. நான்காம் நாள் கஞ்சி கொடுக்கும்போது அம்மா கேட்டார்.

"ஏய்யா, அந்தப் புள்ள இப்பல்லாம் வாசிக்கறதில்லையா?"

"அது ஜப்பான்காரப் பொண்ணும்மா!"

"தெரியுமே. கதவு தொறந்திருந்தா என்னயப் பாத்துக் குனிஞ்சு கும்புட்டுட்டுத்தான் போவும். நம்ம கதைக்கு அது என்னய்யா பண்ணும்?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உங்கப்பாவ லாரியில ஏத்துனப்ப, மழ விட்டு மரமெல்லாம் அப்படித்தான் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. இத்தன வருஷத்துல அவரு மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சுய்யா. அந்தப் புள்ள வாசிக்கறப்ப நல்லாத் தெரிஞ்சுச்சு."

நான் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. அப்படியும் மன்னிப்புக் கேட்கப் போக இரண்டு நாள் ஆனது. பாழாய்ப்போன வெட்கம். போனால் வீடு பூட்டிக் கிடந்தது. முதல் நாள்தான் ஆள் வைத்துப் பியானோவை இறக்கிக்கொண்டு போனதாகக் கீழ்வீட்டுக்காரர் சொன்னார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா தினமும் மாலையில் சுவர்ப் பக்கம் திரும்பிக் காத்திருப்பார். "இன்னிக்கு வாசிக்குமாய்யா?" என்பார். வெளியூர் போயிருக்கிறது, வந்துவிடும் என்று பொய் சொன்னேன். மூன்று வாரம் சொன்னேன். அப்புறம் கேட்க அம்மா இல்லை.

அப்பாவின் புகைப்படம்கூட எங்களிடம் கிடையாது. ஜப்பான்காரர்கள் ஒருமுறை அவரைக் கொண்டுபோனார்கள், இரண்டாம் முறை அம்மாவிடமிருந்து அவரைப் பிரித்தவன் நான்தான் என்பது, மழை விட்டு மரம் சொட்டும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சில் அறைகிறது.