பூஜை போட்ட புத்தகத்தை ஏலம் விட்ட கதை

1. அட்டையைத் திறந்ததும்

ஏலம் முடிந்த மறுநாள் காலை கிள்ளானுக்குப் போய்ப் புத்தகத்தைக் கையில் வாங்கி, அட்டையைத் திறந்தேன். டைட்டில் பேஜின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். நாலு மூலையிலும் மஞ்சள். எதிர்ப்பக்கத்திலும் அதே பொட்டு மங்கலாக ஒட்டியிருந்தது.

அதிர்ச்சியில் வாயடைத்துப்போனேன் என்று எழுத ஆசைதான். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

"அக்கா, யாரு இத செஞ்சது?"

"நான்தான்," என்றார் ராஜேஸ்வரி அக்கா, கோப்பியை எனக்கு முன்னால் வைத்தபடி. "சரஸ்வதி பூஜை வந்துச்சுலா. இந்த வீட்டுல அதுக்குக் கடைசிப் பூஜை."

"நான் போட்டோ எடுத்தப்ப சுத்தமா இருந்துச்சு. அத நம்பித்தான் ஏலம் கேட்டாங்க. இப்ப நான் என்ன பதில் சொல்றது?"

"வீட்ட விட்டுப் போற பொருள். வெறும் நெத்தியோட அனுப்பச் சொல்றீங்களா?"

அவர் கணவர் மாணிக்கம் அண்ணன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் அவருடையது. "ஈரத் துணியில துடைச்சிரலாமா?" என்றார் மெதுவாக.

"தொட்டீங்கன்னா பக்கம் பூரா செவப்பாயிரும் அண்ணே. தயவுசெஞ்சு யாரும் ஒண்ணும் செய்யாதீங்க."

2. என் தொழில், என் சட்டம்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதன் பிறகு பழைய தமிழ்ப் புத்தகங்களை ஆன்லைனில் ஏலம் விடும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கறையான் கூடப் பரவாயில்லை. மனிதர்கள்தான் தாங்க முடியாது.

எல்லார் வீட்டுப் புத்தகமும் இருநூறு வருஷம் பழையது. பின்னால் பால்பாயின்டில் எழுதிய கணக்கு இருந்தாலும் இருநூறு வருஷம்தான். ஒருவர் ஓரம் கிழிந்திருக்கிறதே என்று நாலு பக்கமும் கில்லட்டின் போட்டு, எழுத்தோடு சேர்த்து வெட்டிக் கொண்டுவந்தார். இன்னொருவர் நல்லது செய்வதாக நினைத்துப் பக்கம் பக்கமாக லேமினேட் செய்திருந்தார். விலை கேட்டதும் நான் அவருக்கு ஏதோ துரோகம் செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். வாங்குகிறவர்கள் அதற்கு மேல். விளக்கத்தில் எல்லாம் எழுதியிருந்தாலும் படிக்காமல், "ஆன்டி, லாஸ்ட் பிரைஸ்?" என்று மெசேஜ் போடுவார்கள். ஏலத்தில் ஏதய்யா லாஸ்ட் பிரைஸ்?

என் முறை இதுதான். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன், போட்டோ எடுப்பேன், கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுவேன். பூச்சி ஓட்டை, பைண்டிங் தளர்வு, யாரோ போட்ட கையெழுத்து, எதையும் விடமாட்டேன். வாங்குகிறவர் தொட்டுப் பார்க்க முடியாதே, நான் எழுதுவதுதான் அவருக்குப் புத்தகம். ஏலம் முடிகிறவரை புத்தகம் சொந்தக்காரர் வீட்டிலேயே இருக்கும். நம் ஆட்கள் முன்கூட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

சட்டமும் உண்டு. ஏலம் முடிந்த பிறகு விற்கிறவர் பின்வாங்கக் கூடாது. புத்தகம் ரிப்போர்ட்டுக்கு மாறாக இருந்தால் எடுத்தவர் வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது அடுத்தபடி கேட்டவருக்கு அது போகும். நானே எழுதிய சட்டம். அதைக் காட்டி எத்தனையோ பேர் வாயை அடைத்திருக்கிறேன்.

3. மாணிக்கம் அண்ணனின் சிந்து

கேரி தீவில் கடல் தண்ணீர் உள்ளே வராமல் கரை கட்டிய வேலையைப் பற்றி அவருடைய தாத்தா பாடிய சிந்து அது. தாத்தா அந்தத் தீவு எஸ்டேட்டில் மண் வெட்டியவர். யாரோ காசு போட்டுப் பினாங்கில் அச்சடித்திருக்கிறார்கள். மெல்லிய புத்தகம், உள்ளே கரையும் மண்வெட்டியுமாக ஒரு மரக்கட்டைப் படம். வேறு பிரதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"வெல என்னமோ போடுங்க," என்றார் அண்ணன். "எம் பிள்ளைங்களுக்கு இது படிக்கத் தெரியாது. தாத்தா பேரச் சொல்லி யாராச்சும் கேட்டா எடுத்துக் காட்டுற எடத்துக்குப் போகணும். அவ்ளோதான்."

கடைசிவரை ஏலத்தில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒன்று, ஒரு வெளிநாட்டு நூலகம். இன்னொருவர், பிரிக்ஃபீல்ட்ஸில் புதிதாகக் கோப்பிக் கடை திறக்கும் பிரகாஷ் என்ற தம்பி. சுவரில் மாட்டப் பழைய காகிதம் தேடிக்கொண்டிருந்தார். டைட்டில் பேஜையும் படத்தையும் வெட்டிப் பிரேம் போடுவதாகத் திட்டம்.

"ஒரே பிரதி தம்பி. ஸ்கேன் எடுத்து மாட்டுங்க, நானே எடுத்துத் தரேன்," என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"ஸ்கேன்ல அந்த ஃபீல் வராது அக்கா. ஒரிஜினல் பேப்பர் வேணும்."

"மிச்சப் பக்கம்?"

"மேசைக் கண்ணாடிக்குக் கீழ போட்டுரலாம்லா."

நூலகம் கூடுதலாகக் கேட்டு எடுத்தது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள்தான் அந்தக் குங்குமம்.

4. சட்டம் என் கழுத்தில்

பொட்டைப் போட்டோ எடுத்து அன்றே நூலகத்துக்கு அனுப்பினேன். சொல்லாமல் புத்தகத்தை அனுப்பிவிட்டு வழியில் ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லிவிடு என்று ஒரு தோழி யோசனை சொன்னாள். அப்படிச் செய்தால் நான் எழுதும் அடுத்த ரிப்போர்ட்டை எவர் நம்புவார்?

பதில் மிக மரியாதையாக வந்தது. சுத்தமான பிரதிக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார்களாம். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டும் சாயத்தைத் தங்கள் சேகரிப்புக்குள் எடுக்க முடியாதாம். வருந்துகிறார்களாம். அந்த மரியாதையைப் படித்ததும் போனைத் தூக்கி அடிக்கலாம் போல வந்தது.

மாணிக்கம் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, நூலகம் ஒதுங்கியதையும் இனி புத்தகம் பிரகாஷுக்குத்தான் என்பதையும் அவர் திட்டத்தையும் சொன்னேன்.

"அந்தத் தம்பி வெட்டிருவாரா?"

"வெட்டுவாரு அண்ணே."

"குடுக்காம இருக்க முடியாதா?"

"நான் போட்ட சட்டம். உங்களுக்கு மட்டும் மாத்தினா, நாளைக்கு எல்லாருக்கும் மாத்தணும்."

"சரி," என்று வைத்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிரகாஷுக்கும் திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பினேன். 'டைட்டில் பேஜில் சிவப்புக் கறை' என்று எழுதி, போட்டோவும் இணைத்திருந்தேன். "கறை ஓகே அக்கா, அதுதான் விண்டேஜ் லுக்," என்று பதில் வந்தது. போட்டோவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. யார்தான் பார்க்கிறார்கள்?

5. பிரகாஷின் கடையில்

கடையில் வர்ணம் இன்னும் காயவில்லை. மேசை மேல் இரும்பு ஸ்கேல், கட்டர், பக்கத்தில் கண்ணாடி போட்ட காலிப் பிரேம்கள். இருந்து பார்க்க மனம் வரவில்லை. ஆனால் கொடுத்துவிட்டு ஓடிவரவும் முடியவில்லை. நின்றேன்.

பிரகாஷ் கட்டரைத் தட்டிப் பிளேடை வெளியே தள்ளினார். அட்டையைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இது பொட்டுலா."

"கறைன்னு எழுதினேனே."

"கறை வேற, இது வேற. சாமி கும்பிட்டு வச்சிருக்காங்க." பிளேடை உள்ளே இழுத்துக்கொண்டார். "பூஜை போட்டதுல எப்படி கத்தி வைக்கிறது? எங்கம்மா பாத்தாங்கன்னா இந்தக் கடைக்குள்ள கால் வைக்க மாட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரே பிரதி என்றேன், கேட்கவில்லை. சரித்திரம் என்றேன், கேட்கவில்லை. வாரக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு சிட்டிகைக் குங்குமம் கேட்க வைத்துவிட்டது. எந்தப் பெண்மணியை வீடு தேடிப் போய்த் திட்டிவிட்டு வந்தேனோ, அவர் வைத்த பொட்டு. கோபத்தோடு கோபமாகக் கண்ணும் கலங்கிவிட்டது. வர்ண நெடி என்று சமாளித்தேன்.

"அந்த ஸ்கேன் எங்க எடுக்கிறது அக்கா?" என்றார் பிரகாஷ், நான் அதுவரை அதைச் சொல்லாத மாதிரி.

"நான் எடுத்துத் தரேன். புத்தகத்த என்ன செய்வீங்க?"

"சாமி மேடையில வச்சிரவா?"

"சாம்பிராணிப் புகையில வச்சீங்கன்னா நானே வந்து புடுங்கிட்டுப் போயிருவேன்."

கடைசியில் ஒரு கண்ணாடி அலமாரிக்கு ஒத்துக்கொண்டார். அங்கேயே மாணிக்கம் அண்ணனைப் போனில் கூப்பிட்டு அவரிடம் கொடுத்தேன். அண்ணன் கேட்டது ஒன்றுதான். பிரகாஷ் "கண்டிப்பா அங்கிள், யாரு வந்து அந்தப் பேரச் சொன்னாலும் எடுத்துக் காட்டுவேன்," என்று இரண்டு தடவை சொன்னார். முதல் ஆளாக வந்து பேரைச் சொல்லிக் கேட்டது ராஜேஸ்வரி அக்காதான். பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாராம்.

6. கற்றது

என் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ரிப்போர்ட்டும் இன்றுவரை ஓட்டை உடைசல் விடாமல்தான் எழுதுகிறேன். ஒரு பழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. புத்தகம் பார்க்கப் போகும் வீட்டில் கேமராவை எடுக்குமுன், "பூஜை போட்டாச்சா?" என்று கேட்கிறேன். இன்னும் இல்லை என்றால், "போட்டு முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, வந்து படம் எடுக்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.