சித்தப்பா கேட்ட வாக்குப் பெட்டி

சித்தப்பா டேனிஷ் குடியுரிமைச் சோதனைக்குப் படித்த வசந்தத்தில்தான் ஊரில் முப்பது வருசச் சண்டை எங்களுக்குத் தோல்வியாய் முடிந்தது. டென்மார்க்கில், பிராண்டேயில் எங்கள் வீட்டு மேலறையில் இருந்துகொண்டு காற்றாலைத் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். டேனிஷ் அவருக்கு ஓடாது. நான்தான் பாடங்களை வாசித்துக் காட்டுவேன். முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் சிலபேர் இருந்து யோசித்தார்களாம். அரசனுக்கு அதிகாரம் கொடுத்தது கடவுளில்லை, சனம். அவன் பிழை விட்டால் சனமே திருப்பி வாங்கலாம் என்று எழுதினார்களாம். அதனால் பிரான்சில் அரசனுக்குத் தலை போனது. டென்மார்க்கில் அரசன் சத்தமில்லாமல் கையெழுத்து வைத்துத் தப்பிக்கொண்டான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். சித்தப்பாவோ அதையெல்லாம் உண்மையென்று நம்பினார்.

எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் எந்தத் தீர்மானமும் கைதட்டலில்தான் நிறைவேறும். தலைவர் வாசிப்பார், முன்வரிசை தட்டும், பின்வரிசை தொடரும், பிறகு வடையும் தேத்தண்ணியும். சண்டை முடிந்த கிழமையும் அப்படித்தான். அழுத கண்ணோடு சனம் இருக்க, எல்லாம் முன்னைப் போலவே நடக்கும், பழைய நிர்வாகமே தொடரும் என்று தலைவர் வாசித்தார். ஒருவரும் தட்டுமுன் சித்தப்பா எழும்பிவிட்டார்.

"இனி என்ன செய்யிறதெண்டு சனத்திட்டைக் கேளுங்கோ. மூடின பெட்டி வைச்சு வாக்கெடுப்பம்."

"இஞ்ச பிரெஞ்சுப் புரட்சியே நடக்குது?" என்றார் ஒருவர். மண்டபம் சிரித்தது.

"அங்கை பிணம் அடக்கேல்லை. உம்மை ஆர் அனுப்பினது, அரசாங்கமே?" என்றது இன்னொரு குரல். சிரிப்பு நின்றது.

தலைவர் கெட்டிக்காரர். மூடின பெட்டி வேண்டுமென்பவர்கள் எல்லாருக்கும் தெரியக் கையைத் தூக்கட்டும் என்றார்.

சித்தப்பா தூக்கினார். தூக்கியபடியே அப்பாவைப் பார்த்தார். அப்பா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்தார். நான் தூக்கப் போனேன், அம்மா கிள்ளினார்.

அதற்குப் பிறகு சித்தப்பாவைக் காரில் வேலைக்கு ஏற்றிப்போகிறவர்கள் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஒருவரும் வரவில்லை.

"அண்ணை, மனசிலை நீங்களும் ஓமெண்டுதானே?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சித்தப்பா கேட்டார்.

"பிள்ளையளுக்கு நாளைக்கு நாலு சனம் வேணும். நீ ஹொல்ஸ்டெப்ரோ பக்கம் ஒரு அறை பார்."

சித்தப்பா போய்விட்டார். சோதனையும் எழுதவில்லை.

அந்த ஆனியில் டேனிஷ்காரர் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள்: அரச குடும்பத்தில் மூத்தது பெண்பிள்ளையென்றால் அவளுக்கே முடி சேரலாமா என்று. அப்பா எப்போதோ குடியுரிமை எடுத்தவர். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாக்குக் கூண்டுக்குள் புகுந்து திரையை இழுத்தார். வரவேயில்லை. வரிசையில் நின்ற டேனிஷ் கிழவி செருமினாள். திரைக்குக் கீழே அப்பாவின் சப்பாத்து அசையாமல் நின்றது. வாக்குச் சீட்டில் ஒரு புள்ளடி போட இவ்வளவு நேரமா? எல்லாரும் பார்க்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கெதியாய் வரச்சொல்லி டேனிஷில் கத்தினேன்.

வெளியே வந்து சீட்டை மூடின பெட்டிக்குள் போட்டவரின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. இரண்டு வரி டேனிஷ் வாசிக்கத் தெரியாததற்கு ஒரு பெரிய மனிதர் அழுவாரா என்று, கார் வரைக்கும் நான் அவரோடு கதைக்கவில்லை.