அம்மா வளரவிடாத ஆலமரம்

எங்கள் அம்மா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர், எங்கள் சிரம்பான் வீட்டு வாசலில் தொட்டிக்குள் நிற்கும் ஆலமரத்தைப் பார்த்திருப்பீர்கள். போன்சாய் என்று ரசித்திருப்பீர்கள். அம்மா அதை ஒருநாளும் ரசித்ததில்லை. அது ஏன் அங்கே நிற்கிறது என்பதை மகளாகிய நான் எழுதத்தான் வேண்டும்.

அம்மா பிறந்தது லிங்கிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பள்ளிக்கூடம் பார்க்காமலே பால்வெட்டுக்குப் போனார். அதே தோட்டத்தில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். நான் தவழும் வயதில் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவர் குடியேறினார். அரிசி தீர்ந்து, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்றானது. பிறகு ஆண்களை லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பத் தொடங்கினார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

அப்பாவைக் காப்பாற்றியது ஒரு செடி. அந்த அதிகாரிக்குத் தொட்டியில் குட்டி மரம் வளர்க்கும் ஆசை. பங்களாத் தோட்டத்தைக் கவனித்துவந்த அப்பாவைக் கூப்பிட்டு, சுவரிடுக்கில் முளைத்த ஆலங்கன்று ஒன்றைப் பெயர்த்துவரச் சொன்னார். வேரை வெட்டவும் கிளையை வளைக்கவும் காட்டிக்கொடுத்தார். வளைப்பதற்கு வேறு கம்பி கிடைக்காததால், ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் தாங்கும் கம்பியையே அப்பா கிளைகளில் சுற்றினார். ஆள் எடுக்க, தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக வந்த தோட்டத்துக் கங்காணி, மண்டோர், அப்பாவை மட்டும் தொடவில்லை. "மரம் நல்லாயிருக்கிற வரைக்கும் நீயும் நல்லாயிருப்ப" என்றாராம். அன்றிலிருந்து அம்மாவின் உயிர் அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது.

ஒருநாள் அதிகாரி, இலைகளை எல்லாம் கிள்ளிவிடச் சொன்னார். பழைய இலை போனால் புது இலை சின்னதாக வருமாம். அப்பா சொன்னபடி செய்தார். துளிர் வருவதற்குள் அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்து வந்தவருக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தொட்டியில் நின்ற மொட்டைக் குச்சியைப் பார்த்துவிட்டு, இதற்கு ஓர் ஆளா என்று கேட்டாராம்.

அம்மா மண்டோர் காலில் விழுந்தார்.

"கொஞ்ச நாள் பொறுங்க மண்டோர். செத்த மரமில்ல, இலையக் கிள்ளி விட்டிருக்கு. துளுத்துரும்."

"எனக்குத் தெரியுது தங்கச்சி. அவனுக்கு எந்தப் பாஷையில சொல்லச் சொல்ற? நாளைக்கு லோரி வருது. ஆள் குறைஞ்சா என்னையே ஏத்திருவான்."

வேண்டாத குச்சி என்று வெளியே வைத்திருந்த தொட்டியை அம்மா லயத்துக்கே தூக்கிவந்தார். மஞ்சள் பூசி, விழுந்து கும்பிட்டு, "ஒரு இலையாவது விடு சாமி" என்று கெஞ்சினார். குச்சி மொட்டையாகவே நின்றது. லோரியில் ஏறும்போது அப்பா சொன்னார்: "தண்ணிய நிறுத்திராத புள்ள. வந்து பாக்குறேன்."

லோரி போன அதே வாரத்தில் மரம் துளிர்த்தது. கிளைக்குக் கிளை சிவப்பாகத் துளிர். அம்மா அழக்கூட இல்லையாம், பேயறைந்த மாதிரி நின்றாராம். அந்தத் துளிர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

போர் முடிந்ததும் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அப்பாவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. தாலியை இறக்கச் சொல்லிப் பெரியவர்கள் வந்தார்கள். "அவரு செத்ததக் கண்ணால பாத்தவங்க இருந்தா முன்னால வாங்க" என்றார் அம்மா. யாரும் வரவில்லை.

என்னையும், அப்போது வயிற்றிலிருந்த தம்பியையும் பால்வெட்டியே ஆளாக்கினார். ஆண்டுதோறும் வேரைக் கத்தரித்து, அப்பா பார்த்துவிட்டுப் போன உயரத்திலேயே மரத்தை வைத்திருந்தார். "வளந்துட்டா உங்கப்பாவுக்கு அடையாளம் தெரியாதுடி" என்பார். இலையை மட்டும் கிள்ளவே மாட்டார். குட்டி மரத்தில் இவ்வளவு பெரிய இலையா என்று விவரம் தெரிந்தவர்கள் சிரித்தபோதும் கிள்ளவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் கேட்டதும், "தண்ணி ஊத்தினியா?" என்பதுதான். தாலியோடுதான் வழியனுப்பினோம்.

பஞ்ச காலத்தில் தம் பிள்ளைகளின் கிழங்கை எங்களோடு பங்கிட்ட பக்கத்து வீட்டு அத்தை குடும்பத்தாருக்கும், அம்மாவின் கடைசி நாட்களில் மாறி மாறி உடனிருந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

இனியாவது மரத்தை மண்ணில் நட்டுவிடலாம், வளர்ந்துவிட்டுப் போகட்டும் என்கிறான் தம்பி. அவன் சொல்வது நியாயம்தான். அப்பா இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். வரமாட்டார் என்று எனக்கும் தெரியும். போன வாரம் வேரைக் கத்தரித்து, அதே தொட்டியில், அதே உயரத்தில் திரும்ப வைத்துவிட்டேன்.