வழிமொழிய ஒரு கை

தோழிகளே, எல்லோருக்கும் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள்.

இன்று நகராட்சியின் சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுவில் முதல்முறையாக வாய் திறந்தேன். எங்கள் ஏரியில் லாரி லாரியாகக் குப்பை கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்றேன்.

"யாரும்மா வழிமொழியறது?" என்றார் தலைவர்.

எல்லோரும் தட்டிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தார்கள். என் கோரிக்கை அத்தோடு முடிந்தது. நாளையும் லாரி வரும்.

திரும்பும்போது கூடுவாஞ்சேரி பஸ்ஸில் குழு உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"கரெக்டா சொன்னம்மா. எங்க வூட்டுக் கெணறே நாறிக்கினு கீது."

"அங்கேயே கை தூக்கியிருக்கலாமே, சார்?"

"இன்னாம்மா நீ, தலைவரு என் மச்சான். வூட்ல பேஜாராயிடும்."

எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார்.

குழுவில் இன்னொரு பெண்ணுக்கான இடம் காலியாகவே இருக்கிறது. உங்களில் யாராவது வருகிறீர்களா? பேசக்கூட வேண்டாம். நான் பேசி முடித்ததும் கையைத் தூக்கினால் போதும்.