தங்கப் பல்லியைத் தொட்ட கை

எங்கள் விடுதியில் பல்லிகளுக்குப் பஞ்சமே கிடையாது. எழும்பூரில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் அது. பாதிப் பேர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்கள். யார் மேலாவது பல்லி விழுந்தால் அவள் பஞ்சாங்கத்தைத் தேட மாட்டாள். நேரே எங்கள் அறைக்கு ஓடி வந்து காஞ்சிபுரத்துக்காரியின் வலது கையைத் தொடுவாள். சின்ன வயதிலேயே வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டவள் அவள். தொட்டவர்களைத் தொட்டாலே தோஷம் போய்விடும் என்பது நம்பிக்கை. அவளோ தூங்கினாலும் கையை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டி, "தொட்டுக்கினு போ, எழுப்பாதே" என்பாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் தோளிலேயே விழுந்தபோது நானும்தான் ஓடினேன்.

அவளும் நானும் திருச்சியிலிருந்து வந்த ஒருத்தியும் ஒரே அறை. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. ஊர்தான் பெயர். அறுபதுகளின் கடைசியில், மூவரும் லீவைச் சேர்த்துப் போட்டு காஞ்சிபுரம் போய் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்று ஆரம்பித்தது அவள்தான். பிறகுதான் காரணம் வெளியே வந்தது.

"எங்க அண்ணனுக்கு ஆரணியில பொண்ணு பார்த்துக்கினு இருக்காங்க. உங்க பொண்ண எங்க பையனுக்குக் குடுத்தாத்தான் எங்க பொண்ணக் குடுப்போம்னு அவங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க. நான் தனியா போனா திரும்ப விடமாட்டாங்கடி. நீங்க கூட வந்தீங்கன்னா, விருந்தாளிங்க முன்னால எங்கப்பா சத்தம் போடமாட்டாரு. கடைசி நாள் சாயங்காலம் உங்களோடயே பஸ் ஏறிடுவேன்."

"அப்ப நாங்க ஊர் பார்க்க வரல, உனக்குக் காவலுக்கு வர்றோம்" என்றாள் திருச்சிக்காரி.

"கோயில் இட்லியும் வாங்கித் தரேன்" என்றாள் அவள்.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீடு. முன் அறையில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டிருந்தது. மீதியில் நாங்கள் பாய் விரித்தோம். அவள் அப்பா தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வார். நாங்கள் எழுந்து உட்கார்ந்தால் தறியை நிறுத்திவிட்டு, "தூக்கம் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்பார். அண்ணன்காரன் எங்களைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்வான். வெளியூர்ப் பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்தத் தெருவே வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தது. ஏகாம்பரநாதர் கோயிலில் சிரித்ததற்காக ஒரு மாமியிடம் வசவு வாங்கினோம். கல்யாணப் பேச்சை யாருமே எடுக்கவில்லை. எங்கள் காவல் பலித்துவிட்டதென்றே நினைத்தோம்.

தறியில் தகதகவென்று பட்டு ஏறிக்கொண்டிருக்க, வீட்டிலிருந்த பெண்கள் எல்லோரும் சாயம் போன நூல் புடவையே கட்டியிருந்தார்கள். உனக்குப் பட்டே கிடையாதா என்று கேட்டேன்.

"நெய்யறவன் வூட்ல பட்டு ஏதுடி? தறியிலேர்ந்து அறுத்த அன்னிக்கே முதலாளி வூட்டுக்குப் போயிடும். எங்கம்மாகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அவங்க கல்யாணத்துக்கு எடுத்தது."

பல்லியைத் தொடுவதை மட்டும் கடைசி நாளுக்கு வைத்திருந்தாள். தொட்ட கையோடு ஊருக்குப் போக வேண்டுமாம். அன்று காலையிலேயே மூன்று பேர் பைகளையும் கட்டித் தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். சாயங்கால பஸ். கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த ஒற்றைப் பட்டுப் புடவையை எடுத்தாள். அரக்கு உடம்பு, மஞ்சள் கரை, மடிப்புகளில் பூச்சி உருண்டை வாசனை.

"பெருமாள் கோயிலுக்குத்தானம்மா போறே. இதக் கட்டிக்கினு போ."

அவள் புடவையைக் கையில் வாங்கியபடி அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பிறகு இவள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். "கல்யாணப் பொண்ணு கெட்டா போ" என்று திருச்சிக்காரி வம்புக்கு இழுத்தாள். மற்ற நாளாயிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை வந்திருக்கும். அன்று அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

சின்ன காஞ்சிபுரத்துக்கு ஜட்காவில் போனோம். மெதுவாகவே போகட்டும் என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். கோயிலில் படியேறி நின்று கையை உயர்த்தினால் கூரையில் பல்லிகள், ஒன்று தங்கம், ஒன்று வெள்ளி. திருச்சிக்காரிக்கு எட்டவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். நான் தொட்டபோது விரலில் வழவழவென்று பட்டது. எத்தனையோ கைகள் தேய்த்த வழவழப்பு.

"நீயும் தொட்டுட்டு வா" என்றேன்.

"ஒருதரம் தொட்டா ஆயுசுக்கும் போதும்" என்றாள். பிறகு, "இனிமே யாருனா ஓடி வந்தாங்கன்னா நீங்களே கை குடுங்க" என்றாள்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

இட்லி வாங்கிக் குளக்கரைப் படியில் வைத்துத் தின்றோம். இஞ்சியும் மிளகுமாக நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் சிடுசிடுத்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் குந்தியிருக்கலாம்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

வீட்டு வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பாயில் ஆரணிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளங்களில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ. அவள் அப்பா எழுந்து வந்து எங்களைக் கைகூப்பி அழைத்தார்.

"வாங்கம்மா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நீங்களும் கூட இருந்து தாம்பூலம் எடுத்துக்கணும்."

அவர் முகத்தில் சூது ஒன்றும் இல்லை. நாங்கள் இருப்பதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அவள் சொன்னபடியே விருந்தாளிகள் முன்னால் அவர் குரலை உயர்த்தவில்லை. விருந்தாளிகள் முன்னால் அவளும் குரலை உயர்த்த முடியாது என்பதுதான் எங்கள் மூன்று பேர் மூளைக்கும் எட்டாமல் போயிற்று. எங்கள் முன்னால் மட்டுமா, ஆரணிக்காரர்களும் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள்தானே.

பின்கட்டில் முகம் கழுவப் போனவளை நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டோம். "வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்லுடி" என்றாள் திருச்சிக்காரி.

"நான் முடியாதுன்னா எங்கண்ணன் கல்யாணம் நின்னு போவும். அவனுக்கு வந்த எடமெல்லாம் தட்டிப் போயிக்கினே இருக்குது" என்றாள். "எங்கம்மா பொட்டியத் தொறந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் ஏண்டி திரும்பி வந்தே? கோயில்லேர்ந்து அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கலாமே."

அவள் என்னைப் பார்த்தாள். "எங்கம்மா புடவையக் கட்டிக்கினா?" என்று கேட்டாள்.

அந்த வீட்டில் இருந்ததே அந்த ஒரு பட்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தட்டு மாறியது. நாங்களும் தாம்பூலம் எடுத்துக்கொண்டோம்.

கிளம்பும்போது அவள் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள். நிச்சயமான பெண் அன்று தெருவில் இறங்கக் கூடாதாம். வலது கையை நீட்டி, "தொட்டுக்கினு போங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. திருச்சிக்காரி அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபத்தில் இருந்தேன்.

அண்ணன்தான் எங்களைப் பஸ் ஏற்ற வந்தான். ஒன்றாகக் கிடந்த பைகளை அப்படியே தூக்கி வந்திருந்தான். எங்களுடையதைக் கொடுத்த பிறகுதான் மூன்றாவது பையைப் பார்த்தான். "இது தங்கச்சியுது" என்றான். பஸ் புறப்படும்வரை அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். அவனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

அவள் கட்டில் சில வாரங்கள் காலியாகவே கிடந்தது. ஒரு நாள் காலையில் பக்கத்து அறைப் பெண் தலையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அந்தக் கட்டிலருகே போய் நின்றுவிட்டு, திருதிருவென்று விழித்தாள். திருச்சிக்காரி என்னைப் பார்த்தாள். நான் வலது கையை நீட்டினேன்.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தப் பெண், "அந்த அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

"அவ வரமாட்டா" என்றேன்.

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் போன பிறகு, நீட்டிய கையை மடக்காமலே உட்கார்ந்து அழுதேன்.