பதினைந்தாவது ஆள் நான்

என்னைப் பற்றி எங்கள் பள்ளியில் யாரிடம் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள்: அவளுக்கு வாய் ஜாஸ்தி. நான் மறுத்ததில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அத்தாவே சொல்லுவார்.

இந்த வருஷம் நான் நான்காம் படிவம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் புதுக் கால அட்டவணையை ஒட்டினார்கள். பார்த்தால், தமிழும் இஸ்லாமியக் கல்வியும் ஒரே நேரத்தில். முஸ்லிம் பிள்ளைகள் மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாஸாவிடம் போகும்போது மற்றவர்கள் சும்மாதானே இருப்பார்கள், அப்போது தமிழை வைத்துவிடலாம் என்று யாரோ நல்ல மனசோடு யோசித்திருக்கிறார்கள். தமிழ் படிக்கிற பிள்ளை முஸ்லிமாகவும் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் இது பினாங்கு. லிட்டில் இந்தியாவில் ஒரு ரவுண்டு நடந்திருந்தால் எங்கள் ஆட்களில் பத்துப் பேரையாவது பார்த்திருப்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இஸ்லாமியக் கல்வியை விட முடியாது. தமிழை நான் விடமாட்டேன். அதோடு, பதினைந்து பேர் இருந்தால்தான் தமிழுக்கு வகுப்பு உண்டு என்று தமிழ் டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் அலைந்து திரிந்து சேர்த்தது பதினாலு பேர். பதினைந்தாவது ஆள் நான். நான் போனால் வகுப்பே போச்சு.

"மாட்டிக்கிட்ட லா," என்றாள் பக்கத்தில் இருந்த என் கூட்டாளி. அவள் சர்ச்சுக்குப் போகிறவள், நான் மசூதிக்கு. ஒன்றாம் ஆண்டிலிருந்து இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசைதான்.

"நானாவது மாட்டறதாவது," என்று சொல்லிவிட்டு நேராக ஆபீசுக்குப் போனேன்.

துணைத் தலைமையாசிரியை ஒரு மலாய்க்கார அம்மா. என் தலையில் இருந்த தூடோங்கைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார். "நீ மலாய்ப் பிள்ளைதானே, உனக்கு எதற்குத் தமிழ்?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை, புவான். தமிழ் முஸ்லிம். எங்கள் வீட்டில் சண்டை போடுவதே தமிழில்தான்."

அவர் சிரித்துவிட்டார். "இதை நான் யோசிக்கவே இல்லையே," என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ஆனால் வேறு நேரம் காலியாக இல்லை. புதன்கிழமை பள்ளி முடிந்த பிறகு, இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் என்றால் வைக்கலாம். "அந்த வெயிலில் மற்ற பதினாலு பேரும் இருப்பார்களா?"

"எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்க, புவான்," என்றேன். ஒருத்தரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அப்படியானால் பதினாலு பேரின் கையெழுத்தும் இன்று பள்ளி முடிவதற்குள் என் மேசைக்கு வரட்டும்," என்றார்.

அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஓய்வு நேரத்தில் கேண்டீனில் மேசை மேசையாகப் போனேன். புதன்கிழமை பந்து விளையாடப் போகணும் என்றான் ஒருவன். "உன்னை எப்படியும் பெஞ்சுலதான் உக்கார வைக்கிறாங்க, எங்க பெஞ்சுல வந்து உக்காரு," என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கையெழுத்துப் போட்டான். பசிக்குமே என்றவளுக்கு என் அம்மா சுடும் வடையைக் காட்டி ஆசை மூட்டினேன். தமிழே வேண்டாம் என்றவனிடம் பேசிப் பேசியே, விட்டால் போதும் என்று பேனாவைப் பிடுங்க வைத்தேன். மணி அடிப்பதற்குள் பதிமூன்று பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிச்சம் என் கூட்டாளிதான். அவளுக்கு நூலகத்தில் வேலை. அவளிடம் என்ன கேட்பது, அவள் என் ஆள்தானே? அவள் கையெழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு. நானே போட்டுவிட்டேன்.

கடைசிப் பாடம் தொடங்குவதற்கு முன் தாளை அவளிடம் பெருமையாக நீட்டினேன். அவள் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமையா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அம்மாவுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டிப் போனால் இருட்டித்தான் வருவார். புதன்கிழமைதான் லீவு. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அம்மாவும் மகளும் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மீன் குழம்பை எத்தனை புதன்கிழமை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

"எல்லார்கிட்டயும் போய்க் கேட்ட. என்கிட்ட கேக்க மட்டும் உனக்கு வாய் இல்லையா?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"தப்புதான். நான் போய் புவான்கிட்ட உண்மையச் சொல்லிடறேன். வகுப்பு வேணாம்," என்றேன். உண்மையாகவே சொன்னேன். எழுந்தும் விட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் போட்ட கையெழுத்தை இரண்டு கோடு போட்டு அடித்தாள். அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். "ஆனா அம்மாகிட்ட நீயே வந்து சொல்லு," என்றாள்.

அன்றே தாளைப் புவானிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் புதன்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டது உட்பட எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"சரி, அடுத்த வாரத்துலேருந்து நாலு மணிக்குச் சாப்பிடுவோம்," என்றார். "அதுவரைக்கும் நான் பசி தாங்குவேன். ரெண்டு பேரும் வந்துடுங்க."

ஊரெல்லாம் பேசுகிற நான், 'சரிங்க ஆண்ட்டி' என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.