முந்நூற்றிரண்டு ரூபாய்

பேச்சித்தாய் எதையும் எண்ணாமல் வாங்க மாட்டாள். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பதினாறு வருஷமாகச் சமையல் உதவியாளர். முட்டை வந்தால் ரசீதைப் பார்க்குமுன் தட்டுகளை இறக்கி எண்ணுவாள்.

"கல்யாணத்தன்னைக்கே தாலிய உரசிப் பாக்கணும்னு நின்னவ இவ" என்பான் புருஷன் மகாராஜா. அவள் மறுத்ததில்லை.

பத்தாவது தேறினால் அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம். இரண்டு முறை தனியாக எழுதி, இரண்டு முறையும் கணக்கில் போய்விட்டது. இந்த வருஷம் சங்கரன்கோவிலில் பிரவின்ராஜ் நடத்தும் டுடோரியலில் சேர்ந்தாள். மாதிரித் தேர்வில் முப்பத்தைந்து எடுத்தவர்களுக்கு மட்டும்தான் பொதுத் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்புவான். மற்றவர்கள் அடுத்த வருஷம்.

அவளுக்கு ஆகாதது நாணயக் கணக்கு. பையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் முப்பது, மதிப்பு இருநூறு, எது எத்தனை?

"சார், முப்பதுன்னு எவனோ எண்ணித்தான சொல்லுதான்? எண்ணயில எது அஞ்சு, எது பத்துன்னு பாக்காமலா இருந்தான்? தெரிஞ்சே மறைக்கான்."

"யக்கா, இது கணக்கு."

"அதுவும் பத்து ரூவாக் காசு! எந்தக் கடையில வாங்குதான்? அத மூட்ட கட்டிக்கிட்டு எதுக்கு அலையுதான்?"

பிரவின்ராஜ் யோசித்தான். "சரி, கள்ளன்னே வச்சுக்கிடுங்க. ரெண்டு வாக்குமூலம் குடுத்திருக்கான். ஒண்ணு எண்ணிக்கை, ஒண்ணு ரூவா. ரெண்டையும் தனித்தனியா எழுதி மோத விடுங்க."

அது அவளுக்குப் பிடித்தது. ஐந்து ரூபாய் x, பத்து ரூபாய் y. x + y = 30. 5x + 10y = 200. இதுவரை இரண்டையும் குழப்பி x + y = 200 என்று எழுதித்தான் கெட்டிருந்தாள். முதலாவதை ஐந்தால் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தாள். பத்து ரூபாய் பத்து, ஐந்து ரூபாய் இருபது. ஆள் மாட்டிக்கொண்டான்.

மாதிரித் தேர்விலும் அதே பை. நாணயம் நாற்பது, மதிப்பு 302. போட்டுப் பார்த்தாள், பத்து ரூபாய் 20.4 என்று வந்தது. முதல் சந்தேகம் தன் மேல்தான். மறுபடி போட்டாள். அதே 20.4. பக்கத்தில் கூடப் படிக்கும் ரூபியா அதையே எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

மற்ற கணக்குகளில் முப்பத்தொன்று தேறும். இந்த ஐந்து போனால் இன்னொரு வருஷம் அடுப்படிதான். இரண்டு சமன்பாடுகளையும் அப்படியே விட்டு, கீழே எழுதினாள்: "இவன் பொய் சொல்கிறான். ஐந்தும் பத்தும் எத்தனை சேர்ந்தாலும் கடைசியில் இரண்டு வராது."

மறுநாள் பிரவின்ராஜ் தாள்களோடு வந்தான். "ஏழு பேரு பத்து ரூவாக் காச வெட்டியே போட்டுட்டீய. அது முன்னூறு, நான்தான் தப்பா அடிச்சிட்டேன். பேச்சித்தாய் அக்காவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. மொத்தம் முப்பத்தாறு."

அவள் தாளை வாங்கிப் பக்கம் பக்கமாக விரல் வைத்துக் கூட்டினாள்.

"என்னக்கா, நம்பிக்கை இல்லையா?"

"முன்னூத்திரெண்டுன்னு அடிச்ச கைதான சார்?"

முப்பத்தாறு சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் கூட்டினாள்.